ஒரே பேரில் இரண்டு கம்ப்யூட்டர்

கொங்கு நாட்டிலேயே கம்ப்யூட்டருக்குத் தன் அப்பா பேரை வைத்தவர் எங்கள் திருச்செங்கோட்டுத் தெருவின் பிங் அண்ணன் ஒருவர்தான். அதுவும் ஒன்றுக்கு அல்ல, இரண்டுக்கு.

போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை 'இருக்கிறாயா' என்று விசாரிக்கும் 'பிங்' கட்டளையை யாரோ சொல்லிக்கொடுத்துவிட, பல் விளக்குமுன்பே அதைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். பட்டப்பேர் அப்படி வந்தது.

கீழ்வீட்டில் பெரிய மகன், அவன் கம்ப்யூட்டர் விண்டோஸ். மாடியில் சின்ன மகன், அவனுடையது லினக்ஸ். பாகம் பிரித்ததில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. இறந்துபோன அம்மாவின் படங்களெல்லாம் கீழ் கம்ப்யூட்டரில். சின்னவனோ படி இறங்க மாட்டான். படமாவது மேலே போகட்டும் என்று, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரனான என்னை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

இரண்டையும் ஒயரால் இணைத்தேன். கீழ் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் நம்பரை மாடியில் போட்டால் படம் திறக்கும், ஆனால் கரண்ட் போய் வந்தால் நம்பர் மாறிவிடும் என்றேன்.

"நம்பர் சொல்லிக் கூப்புட இதென்ன ஜெயிலுங்களா? பேரு வெச்சுட்டேனுங்க சாமி."

இரண்டு மகன்களும் தலைமகனுக்குத் தங்கள் தாத்தா பேரான முத்துசாமியைத்தான் வைத்திருந்தார்கள். அதே வழக்கப்படி இவரும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் முத்துசாமி என்றே வைத்துவிட்டார். ஒரே பேரில் இரண்டு இருந்தால் எது எது என்று தெரியாமல் நெட்வொர்க் விழிக்காதா? ஒன்றை மாற்றச் சொன்னேன்.

"எந்தப் பேரனுக்குத் தாத்தன் பேரு வேண்டாங்கறீங்க?"

பேரை அப்படியே விட்டுவிட்டேன்.

படம் திறக்கவில்லை. தினமும் அண்ணன் பாதிப் படியில் நின்று தூது சொல்வார். "தெரியுதான்னு கேளுங்கப்பா" என்பான் பெரியவன். "தெரியலைன்னு சொல்லுங்கப்பா" என்பான் சின்னவன். ஒருநாள் இருமல் வந்து அண்ணன் உட்கார்ந்துவிட, பெரியவனே பொறுமையிழந்து குரல் கொடுத்தான்.

"டேய், பேருக்குப் பின்னாடி புள்ளி வெச்சு லோக்கல்னு போட்டுப் பாரு."

"போட்டுட்டேண்ணா. வரலை."

பிங் அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் முத்துசாமி மேல், முத்துசாமி கீழ் என்று பேர் மாற்ற அவரைச் சம்மதிக்க வைத்தேன். படங்கள் மாடியில் திறந்தன. வீடு மறுபடி அமைதியாகிவிட்டது.

மறுநாளே போன். "ஏனுங்க, மறுபடி தெரியலீங்க."

போய்ப் பார்த்தால், மாடிக்குப் போகும் ஒயரை யாரோ பாதி உருவியிருந்தார்கள். அண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய கோளாறுங்க, நாளாகும்" என்று மாடிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "அண்ணா, என்னாச்சு?" என்று பெரியவனைக் கேட்டு மேலிருந்து சின்னவன் குரல் வந்தது.

போன தையில் பிங் அண்ணன் போய்ச்சேர்ந்தார். இப்போது ஒயரை உருவ ஆளில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. பெரியவனும் சின்னவனும் பேசிக்கொள்வதில்லை. அந்த வீட்டிலிருந்து கோளாறென்று ஒரு போன் வராதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.