தங்கள் ஷவரைத் தாங்களே கழற்றிக்கொண்டு போகும்படி கோரி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பக்கத்துத் தெருவில் தங்களுக்குச் சொந்தமான மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண் வீட்டுக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் நலமென்று நம்புகிறேன். தங்கள் வீட்டின் கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் எல்லாமும் சௌக்கியம். குளியலறை பற்றிக் கீழே வருகிறேன்.

பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். நேரில் வந்தால் தாங்கள் தேநீர் கொடுப்பீர்கள், நானும் குடித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லித் திரும்பிவிடுவேன். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அதுதான் நடந்தது.

சாவி கொடுத்த அன்று குளியலறைக்குள் கூட்டிப்போய், சுவரில் இருந்த அந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டி என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "கரண்ட் ஷவர் சம்பந்தி, குழந்தை மாதிரி. முதல்ல தண்ணியைத் திறக்கணும், அப்புறம்தான் சூடு. குளிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணி ஓடணும், இல்லேன்னா உள்ள சூடாக்கற காயில் கம்பி கருகிடும். சுவிட்ச் போட மேலேர்ந்து தொங்கற கயித்தை வெடுக்குனு இழுக்கக் கூடாது. முன்ன குடியிருந்தவங்க எல்லாம் கெடுத்துட்டுத்தான் போனாங்க. நீங்க வந்துட்டீங்க, இனி எனக்குக் கவலையே இல்ல" என்றீர்கள். உண்மைதான் சம்பந்தி, உங்கள் கவலை அப்படியே என்னிடம் குடிவந்துவிட்டது. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குளியலறைப் பக்கம் ஒரு சொட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுகிறேன்.

என் மனைவி குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, தண்ணியைத் திறந்தியா, சூட்டைக் குறைச்சியா, பச்சைத் தண்ணி ஓடுதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நல்லதுக்குத்தானே கேட்கிறேன். அவள் ஒரு நாள் உள்ளேயிருந்து, "அவ்வளவு அக்கறைன்னா நீங்களே உள்ள வந்து குளிச்சுட்டுப் போங்க, நான் வெளிய நின்னு கேள்வி கேக்கறேன்" என்றாள். அதோடு போயிற்றா? ஊர் ஊராகப் போய் மிக்ஸி விற்கும் என் மச்சான் வந்து சேர்ந்தான். குளிக்கப் போனால் அவனுக்கு உலகமே மறந்துவிடும், பாட்டு வேறு. வெளியே வந்தபோது பார்த்தால், நனைந்த பேன்ட்டைப் பிழியாமல் அந்தச் சுவிட்ச் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறான். சுவிட்ச் கூரையைவிட்டு இறங்கி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. "கயிறு தொங்குச்சு மாமா, கொடின்னு நெனச்சேன்" என்றான். மின்சார வேலை செய்பவரைக் கூப்பிட்டுச் சரி செய்தேன். தாங்கள் போனில் கேட்டபோது மட்டும் இதைச் சொல்லவில்லை.

நான் காலம் முழுக்க ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். ஸ்பேனர் கேட்டு வந்தாலும் எதுக்கு, ஏன், கையால திருகிப் பார்த்தியா என்று கேட்காமல் கொடுத்ததில்லை. பொருள் வெளியே போனால்தானே கெடும், அலமாரியில் இருந்தால் என்ன ஆகப்போகிறது? அதே யோசனைதான் செய்தேன். ஷவருக்குப் பெரிய பாலிதீன் பையை மாட்டி, சணல் கயிறு போட்டுக் கட்டினேன். அன்று முதல் அடுப்பில் வெந்நீர், வாளி, குவளை. தாங்கள் அடுத்த தடவை கேட்டபோது, "புத்தம் புதுசா இருக்கு சம்பந்தி" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. தாங்களும், "இப்படி ஒருத்தர் கிடைக்கணுமே" என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை உங்கள் மருமகள் வரும்வரைதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை என்றால் சும்மாவா, நாளெல்லாம் நின்ற கால். மழையில் வேறு தொப்பலாக நனைந்து வந்து, "அம்மா, ஷவர்ல சூடா நின்னா போதும்" என்று துண்டை எடுத்தாள். நான் குறுக்கே போய் நின்றேன். "இரும்மா, வெந்நீர் வச்சுத் தரேன்" என்றேன்.

"ஷவர் இருக்கறப்ப எதுக்குப்பா வெந்நீர்?"

"கெட்டுப்போச்சுன்னா உன் மாமனாருக்கு யார் பதில் சொல்றது?"

"உங்களுக்கு நான் முக்கியமா, அந்தப் பொட்டி முக்கியமா?"

நான் ஷவரைத் திரும்பிப் பார்த்தேன். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, நனைந்த துணியோடு படியிறங்கிப் போய்விட்டாள். அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை. போன் செய்தால் அம்மாவிடம் கொடுங்கள் என்கிறாள். அவள் பக்கத்தில் இருக்கலாம் என்றுதானே சொந்த வீட்டை விற்றுவிட்டு இங்கே குடிவந்தோம்? என் மனைவியும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் இப்போது பேசுவது வெந்நீர் மட்டும்தான். எனக்கு மனசு ஆறவில்லை சம்பந்தி.

ஆகவே, தயவுசெய்து தங்கள் ஷவரைக் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள். அந்த இடத்தில் சாதாரணக் குழாய் ஒன்று போதும். யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திருகட்டும், நான் கேட்கமாட்டேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும், பேசாமல் இருக்கும் என் மகளுக்கும் ஆசிகள். எல்லாரும் எந்நாளும் கொதிக்காமலும் குளிராமலும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பெண் வீட்டுக்காரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் வந்துவிட்டாள். சமையலறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்ச் சணலை வெட்டினாள். திறந்தால், தண்ணீர் மூக்கு ஒழுகுவதுபோல் வந்தது. சும்மா கிடந்ததில் ஷவர் தலையில் இருந்த ஓட்டையெல்லாம் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டதாம். தலையைக் கழற்றி ஒரு கிண்ணம் வினிகரில் ஊறப்போட்டுவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து தேநீர் குடித்தாள். அப்போதுதான் சொன்னாள். அங்கே தாங்கள் குடியிருக்கும் வீட்டு ஷவருக்கும் பாலிதீன் பை போட்டிருக்கிறீர்களாமே. நான் பை கட்டியதை அவள் வந்து சொன்னதும், "உங்கப்பா எப்படிப் பத்திரமா வச்சிருக்கார், அவரைப் பாத்து நாமளும் கத்துக்கணும்" என்று தாங்களே கட்டினீர்களாம். தாங்களும் வாளியில்தான் குளிக்கிறீர்களாம். "அங்கயும் வாளி, இங்கயும் வாளி, நான் எங்கதாம்பா போறது?" என்று கேட்டபோது அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

தலையைத் திரும்ப மாட்டிவிட்டு, இப்போது குளித்துக்கொண்டிருக்கிறாள். வெகுநேரமாகத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. நான் கதவுப் பக்கம் போகவில்லை. சம்பந்தி, ஷவரைக் கழற்ற வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை குளிக்க வாருங்கள். சூடாக, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள், நான் வெளியிலிருந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஈரத் துண்டை மட்டும் அந்தக் கயிற்றில் போட்டுவிடாதீர்கள்.