தங்கச்செவி சொன்னபடி

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்த பிறகுதான் அது பாடியது. அதற்கு முன் கண்ணாடிக்காரர் அதை நேராக வைத்தார், பக்கவாட்டில் சாய்த்தார், இரண்டு தட்டும் தட்டிப் பார்த்தார். சிடி சுற்றியதே தவிர, பாட்டு விக்கி விக்கி நின்றது.

அது பாட்டுப்பெட்டியே அல்ல. பழைய வீடியோ கேம் பெட்டி. ஒரு காலத்தில் பிள்ளைகள் கார் ஓட்டவும் எதிராளியை உதைக்கவும் வைத்திருந்த சாமான். அதன் முதல் வருஷத்து மாடலில் ஒலி அபாரம், உள்ளே கொஞ்சம் அறுத்து ஒட்டினால் விலை உயர்ந்த கருவியெல்லாம் அதன்முன் கைகட்டி நிற்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, காயலான் கடையில் தேடிப் பிடித்து வந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊரார் பார்வையைத் திருத்துகிற மனுஷர். அவர் புத்தியைத் திருத்தத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எல்லாம் சகலையால் வந்த வினை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். அவர் வீட்டில் பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். போன தடவை அங்கே போயிருந்தபோது, "பாட்டெல்லாம் உங்களுக்கு எதுக்கு சகலை? உங்க காது கண்ணாடி மாட்டத்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அதைத்தான் கண்ணாடிக்காரரால் தாங்க முடியவில்லை.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சகலை இங்கே வருகிறார். அதற்குள் பெட்டியைப் பாட வைத்து அந்த வாயை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அந்தச் சிரிப்புதான்.

கவிழ்த்து வைக்கச் சொன்னது தங்கச்செவி. இன்டர்நெட்டில் ஒலிப்பைத்தியங்கள் கூடிப் பேசும் இடத்தில், அவர் கேள்வி போட்ட அன்றே பதில் எழுதிய மகான். முகம் தெரியாது, ஊர் தெரியாது. எழுத்தில் மட்டும் அப்படி ஒரு அதட்டல்.

பெட்டி பாடியது சரி, கூடவே 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சலும் வந்தது. கேம் பெட்டியில் படம் காட்டும் பகுதி எதற்கு, அதுதான் இரையுது என்று கண்ணாடிக்காரர் தாமாகவே முடிவு செய்து, சால்டரிங் கோலை எடுத்து அதைப் பிடுங்கி எறிந்தார். இப்போது டிவியில் ஒன்றும் தெரியவில்லை. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் மூன்றாவது பாட்டுதான் வந்தது. இரைச்சல் இரண்டு மடங்காகியிருந்தது.

தங்கச்செவிக்கு எழுதினார். பதில் வந்தது: 'பெட்டியில் குறையில்லை. வீட்டு மின்சாரம் அழுக்கு. பொறி பறக்கும் சுவிட்சுகளை மாற்றாமல் என்னிடம் பேச வேண்டாம்.'

மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார்.

"இத்தனை வருஷமா அந்த சுவிட்ச் அப்படித்தானே இருக்கு? நமக்குத்தான் பழகிப்போச்சே. இப்ப என்ன அவசரம்?" என்றாள் மனைவி.

"உனக்கு அதெல்லாம் புரியாது. அதுக்குக் காது வேணும்."

"எனக்கு இல்லைங்களா?"

"இருக்கு. கம்மல் போட்டுக்க."

சுவிட்ச் எல்லாம் புதிதாயின. இரைச்சல் அசையவில்லை. உள்ளே இருந்த ஒரு சின்ன உருளையை மாற்றினால் சரியாகிவிடும் என்று கண்ணாடிக்காரர் மறுபடி கோலை எடுத்தார். ஒரு பக்கத்து ஸ்பீக்கர் ஊமையாயிற்று.

'இசை என்பது சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே உள்ள மௌனம்' என்று எழுதினார் தங்கச்செவி. 'உங்கள் வீட்டில் மௌனம் இருக்கிறதா? ஒழுகும் குழாய், கிறீச்சிடும் கதவு எதுவும் ஆகாது.'

கண்ணாடிக்காரருக்குப் புல்லரித்தது. குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சமையலறைக் கதவு ஒவ்வொரு தடவையும் அழுதது. சனிக்கிழமை முழுக்க ஸ்பேனரும் கையுமாகக் கிடந்தார்.

"சொட்டினா சொட்டட்டுமே. இடுப்பு பிடிச்சுக்கப் போகுது, விடுங்க" என்றாள் மனைவி.

"தடுக்காதே! ஒரு நல்ல காரியம் செய்ய விடமாட்டியே!"

இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த இடுப்போடு குனிந்து ஊமை ஸ்பீக்கரைச் சரிசெய்யப்போய், பெட்டியின் மூடியையும் உடைத்துவைத்தார். இனி மூடியை விரலால் அமுக்கிப் பிடித்தால்தான் சிடி சுற்றும்.

அடுத்த உத்தரவு வந்தது. 'ஹால் உதவாது. மாடி அறைக்கு மாறுங்கள். அங்கே பழைய பேப்பர் கட்டு, காலி டப்பா எதுவும் இருக்கக் கூடாது. காகிதம் ஒலியைக் குடிக்கும். ஈரச்சுவர் கெடுக்கும். பூசி வெள்ளையடிக்கவும்.'

மாடி அறையில் பன்னிரண்டு வருஷத்துப் பேப்பரும், கடையில் மிஞ்சிய ஃப்ரேம் டப்பாக்களும் கூரை முட்டக் கிடந்தன. யாரையும் தொட விடாமல் காத்து வந்த சொத்து. ஒரே நாளில் எல்லாவற்றையும் தாமே சுமந்து இறக்கிப் பேப்பர்காரனிடம் தள்ளிவிட்டார்.

"ஐயையோ, அதையுமா? பாவம், ஆசையா சேர்த்தீங்களே" என்று மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கலைன்னா தியாகம் இருக்கும்" என்றார், தலையெல்லாம் தூசியாக.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சகலையும் மனைவியோடு வந்தார். பளிச்சென்ற மாடி அறையில் கவிழ்ந்த பெட்டிக்கு எதிரே அவரை உட்கார வைத்து, விரலை அடியில் கொடுத்து மூடியை அமுக்கினார் கண்ணாடிக்காரர். மூன்றாவது பாட்டு வந்தது. ஒரு பக்கம்தான் வந்தது. அதுவும் 'ங்ங்ங்' என்றுதான் வந்தது. போச்சு, மானம் போச்சு என்று நினைத்தார்.

சகலை கண்ணை மூடிக்கொண்டார். அரைகுறைக்குக் கண்ணை மூடினால் எல்லாம் கேட்கும். பாட்டு முடிந்தும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"சகலை," என்றார் தழுதழுத்து. "அந்த இரைச்சல்ல ஒரு உயிர் இருக்கே! என் ஸ்பீக்கர் எல்லாம் வெறும் கட்டை. அன்னிக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. யாரு உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இடுப்பு வலிகூட இனித்தது. பெருந்தன்மையோடு தங்கச்செவியின் இன்டர்நெட் விலாசத்தை எடுத்துக் கொடுத்தார். சகலை பயபக்தியோடு போனில் குறித்துக்கொண்டார். அறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சகலையின் மனைவி, விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள்.

காபி போடச் சொல்வதற்காகக் கண்ணாடிக்காரரும் பின்னாலேயே இறங்கினார். மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும், இப்போது சிரிக்கிறாளா என்று கேட்க வேண்டும். எண்ணெய் போட்ட சமையலறைக் கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. அக்காவும் தங்கையும் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள்.

"அக்கா, நாளைக்கு அவரும் உனக்குக் கேள்வி எழுதுவாரு," என்று தங்கை கிசுகிசுத்தாள். "முதல் பதில்லயே எங்க பாத்ரூம் தாழ்ப்பாளை எழுதிடு. ரெண்டு வருஷமா கதவை ஒரு கையால பிடிச்சுக்கிட்டேதான் குளிக்கிறேன்."