ரொட்டிக்கு வந்தவர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டு வாசலைக் கடந்து போனாலும் உள்ளேயிருந்து "சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் வரும். அதற்கு "இப்பதாங்க சாப்பிட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் அதுதான் பதில். கூப்பிட்டவருக்கும் திருப்தி, போகிறவருக்கும் மரியாதை, பானையில் உள்ள சோறும் பத்திரம். இந்த ஏற்பாடு தெரியாத மனிதர்களும் உலகத்தில் உண்டு என்பது இருபத்து மூன்று வயது வரை எனக்குத் தெரியாது. (தெரிந்துகொண்ட அன்று எங்கள் வீட்டில் ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை.)

அப்போது நான் ஹட்டனில் ஒரு ஃபோன் கடையில் வேலை செய்தேன். வீடு றொசல்ல ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறினால் வரும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா புவனா பாலர் பாடசாலை ஆசிரியை. இப்படி ஆளுக்கொரு உருப்படியான வேலை செய்துகொண்டிருந்த வீட்டில், நான் ஒரு பழைய கேமராவை வாங்கி வந்து சாப்பாட்டைப் படம் எடுத்து எழுதும் வலைப்பூ ஒன்றை ஆரம்பித்தேன். பெயர் 'அடுப்படி வெளிச்சம்'.

கேமரா எந்நேரமும் கழுத்தில் தொங்கியது. "மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி என்னடா இது?" என்றார் அம்மா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சூடான சாப்பாடு நின்றுபோனது. பீங்கான் தட்டை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் வரும்வரை காத்திருந்து, கறிவேப்பிலையை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்து எடுப்பேன். மேகம் மூடினால் மறுபடி காத்திருப்பு. எங்கள் மலையில் மேகம் எப்போது மூடாது? அப்பா பசியோடு சுவரில் சாய்ந்துகொண்டு, "தம்பி, இப்ப சாப்புடலாமா? இல்ல இன்னும் வெளிச்சம் வரணுமா?" என்று அனுமதி கேட்பார். படங்களை ஏற்ற லயத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கி வரை போனால்தான் சிக்னல். ஒவ்வொரு பதிவுக்கும் அங்கிருந்த அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்தேன். வாசகர்களைவிட அட்டைகள்தான் அதிகம்.

அம்மாவின் தேங்காய் ரொட்டியைப் பற்றி எழுதியதுதான் என் புகழின் உச்சம். 'பனி இறங்கும் காலையில் என் அன்னையின் கைகளில் ஒரு நிலா பிறக்கிறது' என்று ஆரம்பித்திருந்தேன். அக்கா அதை உரக்கப் படித்துக் காட்டினாள். அம்மா அதிர்ந்துபோய், "நெலாவா? ஓரமெல்லாம் கருகிப்போச்சுன்னு காலைல நீதானே கத்துன?" என்றார்.

பதிவின் கடைசியில், நாகரிகம் தெரிந்த பிள்ளையாக, வழக்கமான இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தேன். 'றொசல்லயில் இறங்கி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி ஏறினால் நீலக் கதவு வீடு. ஞாயிறு வீட்டில்தான் இருப்போம், சாப்பிட வாங்க.' என் மிக விசுவாசமான வாசகர் 'பசித்த பூனை' என்ற பெயரில் எழுதுபவர். யாரென்று தெரியாது, ஊரும் தெரியாது. அவர் கீழே எழுதினார்: 'அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு வருகிறோம் தம்பி.' நான் 'வாங்க, வாங்க' என்று இரண்டு தடவை போட்டேன். வருவார் என்று யார் நினைத்தது? அவர் 'இப்பதான் சாப்பிட்டோம்' என்று சொல்ல வேண்டிய இடம் அது.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் அக்காவைப் பெண் பார்க்க ராகலையிலிருந்து வருவதாக இருந்தது.

அக்காவுக்கு அது மூன்றாவது தடவை. முதலில் வந்தவர்கள் ஊர் திரும்பியதும் பேச்சு மூச்சில்லை. அடுத்து வந்தவர்கள் எங்கள் லயத்துக் காம்பரா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். அன்றே அக்கா, "இனிமே யாரு முன்னாடியும் டீத்தட்டோட வந்து நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பிறகு ஹட்டன் தரகர் ராகலை வாத்தியார் ஒருவரின் படத்தை என் ஃபோனுக்கு அனுப்பினார். பாஸ்போர்ட் படத்தை மறுபடி படம் எடுத்த படம். மீசை ஒன்றுதான் தெளிவு. அக்கா அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுத்தாள். ஆனால் அதன் பிறகு, "சார்ஜ் இருக்கா பாக்குறேன்" என்று அடிக்கடி என் ஃபோனை வாங்கினாள். சார்ஜ் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது என்பது அம்மாவுக்குக்கூடத் தெரியும். அதனால் அந்த ஞாயிறை எங்கள் வீட்டில் எல்லோருமே கொஞ்சம் பயத்தோடுதான் எதிர்பார்த்தோம்.

நல்ல காரியம் என்பதால் சைவச் சமையல். வடை, கேசரி, சாம்பார், கத்தரிக்காய்க் கறி, பருப்பு, பாயசம், அப்பளம். வருகிறவர்கள் பதினொரு மணியளவில் வேனில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னாலேயே இஸ்தோப்பில், அதாவது வாசல் விறாந்தையில், ஒரு குடும்பம் வந்து நின்றது. நரைத்த தலையோடு ஒரு ஐயா, கையில் பழப்பையோடு அவர் மனைவி, இரண்டு பெண்கள், ஒரு வாலிபன்.

"வாறோம்னு சொன்ன மாதிரியே வந்துட்டோம்" என்றார் அந்த அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

"வாங்க வாங்க! வேன்ல வாறதாத்தானே சொன்னீங்க?" என்றார் அப்பா.

"இல்லீங்க, கோச்சிலதான் வந்தோம்."

ராகலையிலிருந்து இறங்கி நானுஓயாவில் ரயில் ஏறியிருப்பார்கள் என்று அப்பாவே கணக்குப் போட்டுக்கொண்டார். சற்று முன் போன ரயில் அதற்கு நேர் எதிரே, கொழும்புப் பக்கத்திலிருந்து வந்தது என்பது எங்கள் இஸ்தோப்பில் நின்றாலே தெரியும். யாருக்கு அதைப் பார்க்க நேரம்? தரகர் பின்னால் வருவார் என்று தீர்மானித்து, நாற்காலிகளைத் துடைத்துப் போட்டோம்.

புத்திசாலியான நீங்கள் வந்தது யாரென்று கண்டுபிடித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர் இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் ஐயா உட்கார்ந்ததும் அப்பாவிடம், "உங்க மகன் எழுதுறது ஒண்ணு விடாம வாசிக்கிறோம். அதைப் பாத்துத்தான் இந்தக் குடும்பத்தையே பாக்கணும்னு வந்தோம்" என்றார்.

நியாயமான மூளையாக இருந்தால் அங்கே விழித்திருக்கும். என் மூளை வீங்கியது. எவ்வளவு ரசனையுள்ள சம்பந்தி! பெண் வீட்டைப் பற்றி எல்லோரும் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், இவர்கள் என் எழுத்தையே படித்து விசாரித்திருக்கிறார்கள். அப்பா முதன்முறையாக என்னைப் பெருமையாகப் பார்த்தார். (அந்தப் பார்வை ஒரு மணி நேரம் நீடித்தது.)

அடுத்து அப்பா, "பையன் பள்ளிக்கூடத்துலதானே?" என்று கேட்டார். "இல்லீங்களே, பேங்க்ல" என்றார் ஐயா. அப்பா உள்ளே வந்து கிசுகிசுத்தபோது அம்மா குழம்பினார். "வாத்தியாருன்னுதானே தரகரு சொன்னாரு?"

"தரகரு ஒண்ணு சொன்னா ஒண்ணு இருக்கும். பேங்க்குன்னா என்னா கொறைச்சலா?"

அக்கா மட்டும் கதவிடுக்கில் பார்த்தபடி நின்றாள். "மீச இல்லையே."

"எடுத்துருப்பாரு. நாளைக்கே வளந்துட்டுப் போவுது" என்றார் அம்மா.

"மூக்கும் வேற மாதிரி இருக்கு."

அம்மா என் பக்கம் திரும்பினார். ஃபோட்டோ விவகாரத்தில் வீட்டின் நிபுணர் நான்தானே. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆழ்ந்த அறிவோடு சொன்னேன்: "லென்ஸ் கிட்டக்க வச்சு எடுத்தா மூக்கு மாறித்தான்க்கா தெரியும். நேருல இப்புடித்தான் இருக்கும்." இந்த ஒரு வாக்கியத்துக்காக அக்கா இன்றைக்கும் என்னை மன்னிக்கவில்லை.

சேலை கட்டி, பூ வைத்து, டீத்தட்டோடு வெளியே வந்தாள். அந்த வாலிபன் எழுந்து நின்றான். ஃபோனை எடுத்தான். தட்டுக்கு நேரே குனிந்து, ஆவி பறக்கும் டீயை மூன்று கோணத்தில் படம் எடுத்தான். "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புறீங்களா?" என்றும் கேட்டான். அக்கா திருப்பினாள். உள்ளே வந்ததும் தட்டை டங்கென்று வைத்தாள்.

"என்னையப் பாக்கவே இல்ல. டீயத்தான் பாத்தாரு. இவன மாதிரியே ஒண்ணு. எனக்கு வேணாம்."

அவள் கண் கலங்கியிருந்தது. அத்தனை நாள் பார்த்த சார்ஜ் வீணாய்ப் போன மாதிரி இருந்தது எனக்கு. "வந்தவங்கள மொதல்ல சாப்பிட வைப்போம், பொறகு பேசிக்கலாம்" என்றார் அம்மா.

நன்றாகவே சாப்பிட்டார்கள். கொழும்பிலிருந்து விடியற்காலையில் புறப்பட்ட பசி. அம்மா போடப் போட, "போதும்" என்ற வார்த்தையே அவர்களுக்குத் தெரியவில்லை. சோறும் முடிந்தது, பாயசமும் முடிந்தது. கை கழுவிவிட்டு வந்த அந்த அம்மா என் தோளைத் தொட்டார்.

"எல்லாம் அருமை தம்பி. ஆனா ரொட்டி எங்க? ரொட்டிக்குத்தானே வந்தோம்? நான்தான் பசித்த பூனை!"

அந்த நேரம் பார்த்து கீழே பாதை வளைவில் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. முன்சீட்டிலிருந்து தரகர் இறங்கினார். அவருக்குப் பின்னால் அந்த மீசை இறங்கியது.

அதன் பிறகு எங்கள் காம்பராவில் நடந்ததை முழுதாக எழுத முடியாது. அப்பா என்னைப் பார்த்தார். அம்மா காலிப் பானையைப் பார்த்தார். அக்கா கதவிடுக்கில் மீசையைப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு என் முதுகில் ஒன்று வைத்தாள். பூனையம்மா விஷயம் புரிந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாட்டையா நாங்க சாப்பிட்டோம்?"

பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்தில் எந்த வீட்டு அடுப்பில் சைவம் இருக்கும்? ஒரு வீட்டில் கோழி, ஒரு வீட்டில் கருவாடு, ஒரு வீட்டில் நெத்தலி. "நல்ல காரியத்துக்குக் கோழியக் குடுக்குறதா?" என்று செல்வி அக்கா கையைப் பிசைந்தார். அதற்குள் பூனையம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "மாவு இருக்குமா? தேங்காய் இருக்குமா? குடுங்க, நான் திருவுறேன்."

அவ்வளவுதான். ஒரு வீட்டிலிருந்து மாவு வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து தேங்காய் வந்தது. செல்வி அக்கா கோழிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ரொட்டிக்கல்லை ஏற்றினார். லயம் முழுக்க ஒவ்வொரு அடுப்பிலும் ரொட்டி. பேங்க் வாலிபன் அம்மியில் மிளகாய் அரைத்து, அந்தக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் புகைக்குள் சுட்ட ரொட்டிகளைச் சுமந்துகொண்டு ஓடினேன். கழுத்தில் கேமரா ஆடியது. ஒரு படம்கூட எடுக்கத் தோன்றவில்லை.

வெளியே, வந்தவர்களை வரவேற்க ஆளில்லை. பெண் வீட்டார் எல்லோரும் அடுப்படியில். சற்று முன் மாப்பிள்ளை வீட்டாராக இருந்த ஐயாதான் எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்று கும்பிட்டு, எங்கள் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். "நீங்க பொண்ணுக்குப் பெரியப்பாங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். ஐயா ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்படித்தான் வச்சுக்கங்க" என்றார்.

அப்பாவுக்குப் பொய் வராது. நேரே போய், "உங்களுக்கு ஆக்குனத எல்லாம் இவங்க சாப்புட்டாங்க. இவங்க யாருன்னு எங்களுக்கு இப்பதாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டார். தரகர் வானத்தைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். "யாருன்னே தெரியாதவங்களுக்கு வயிறு நெறைய ஆக்கிப் போட்டுருக்கீங்க. எம் மகனயா பட்டினி போடப் போறீங்க? என்னா இருக்கோ அதக் கொண்டாங்க. வேன்ல குளிருல வெறச்சுப்போயி வந்துருக்கோம்."

அக்காதான் ரொட்டித் தட்டைக் கொண்டுபோனாள். மாப்பிள்ளை ரொட்டியைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே எடுத்து, விரலைச் சுட்டுக்கொண்டார். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டாள், அதுவும் யாரும் கேட்பதற்கு முன்னால்.

கல்யாணத்தில் கொழும்பு ஐயா பெரியப்பாவாகவே நின்றார். பூனையம்மா இன்றும் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். 'அடுப்படி வெளிச்சம்' இன்னும் எரிகிறது. ஆனால் ஒவ்வொரு பதிவின் கீழும் அக்காவின் உத்தரவுப்படி 'வருவதாக இருந்தால் முன்கூட்டியே யாரென்று சொல்லவும்' என்று இருக்கும். யாராவது கதவைத் தட்டினால் அம்மா உள்ளேயிருந்தே கேட்பார்: "மாப்பிள்ளை வீடா, ரொட்டி வீடா?" அன்று எங்களுக்காகத் தங்கள் சட்டிகளை இறக்கி வைத்த அந்த லயத்தை நான் இப்போதும் நினைத்துக்கொள்வேன். கடைசியில் அம்மா ரொட்டி சாப்பிடக் கூப்பிட்டபோது அவர்கள் யாருமே "இப்பதான் சாப்பிட்டோம்" என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது, அவர்கள் வீட்டுச் சமையலும் பாதியில் நின்றிருந்தது.

சென்ற வருடம் எனக்குப் பெண் பார்க்க நானுஓயாவுக்குப் போனோம். அப்பா, அம்மா, அக்கா, அத்தான், கொழும்புப் பெரியப்பா, பூனையம்மா என்று ஒரு வேன் நிறைய. பெண்ணின் அம்மா வாசலை மறித்து நின்றுகொண்டு எங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. நீங்க மாப்பிள்ளை வீடா, ரொட்டி வீடா?"

கதை எங்களுக்கு முன்னாலேயே வேன் பிடித்து வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் அம்மா செருப்பைக் கழற்றியபடி நிதானமாகச் சொன்னார்:

"ரெண்டுந்தாங்க. ரொட்டி இருந்தா மொதல்ல அதக் கொண்டாங்க."