சரக்கு வாசலில் வந்த அத்தான்

பல்கலைக்கழக ஓவியக்கூடத்தின் பொறுப்பாளரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான மாப்பிள்ளைக்கு, இருபத்தாறு வருடம் பேருந்தில் நின்றே டிக்கெட் கிழித்துவிட்டு, இப்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட உன் அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். சனிக்கிழமை மைக்கில் உன் குரல் கணீரென்றுதான் கேட்டது.

நான் எதற்கு வந்தேன் என்பது உனக்குத் தெரியும். மகள் ஓவியம் படிக்கிறேன் என்றபோது, "அது சோறு போடுமா" என்று கேட்டு நான்கு நாள் அவளோடு பேசாமல் இருந்த புத்திசாலி நான். அவள் வரைந்த படம் உன் கூடத்தில் மாட்டியிருந்தது, அன்றுதான் கடைசி நாள். "போன்ல காட்ட மாட்டேன், நேர்ல வந்து பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். பார்த்துவிட்டு 'நல்லாருக்குடி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அழைப்பிதழில் சக்கர நாற்காலிப் படம் போட்டு 'அனைவரும் வரலாம்' என்று அச்சடித்திருந்தாய். "எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு அத்தான், நீங்க வந்து நின்னா போதும்" என்றும் சொன்னாய். நிற்க முடிந்தால் நான் ஏன் உன்னைக் கேட்கப் போகிறேன்?

வந்தேன். சரிவுப் பாதை இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதன் நடுவில் ஆளுயர இரும்புச் சிற்பம் ஒன்று, 'தொடாதீர்கள்' என்ற அட்டையோடு நின்றது. "நகர்த்தினா என் வேலை போயிடும் சார், பின்னாடி சரக்கு வாசல் இருக்கு" என்றார் காவலாளி. அங்கே போனால் ஸ்டோர்கீப்பர் நோட்டை விரித்து "என்ன பொருள்?" என்கிறார். மனுஷன்யா என்றேன். மனுஷனுக்கு இதில் கட்டம் இல்லை என்று சொல்லி, 'நாற்காலி ஒன்று, ஆளுடன், உடையக்கூடியது' என்று எழுதிக்கொண்டார். உன் அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்றே என்று அதையும் பொறுத்துக்கொண்டேன். உள்ளே லிஃப்ட் பூட்டியிருந்தது. சாவி மாடியில் பரிசளிப்பு விழாவில் இருந்த உன்னிடம். உன் அக்கா மூச்சு வாங்க ஏறி வந்து கூப்பிட்டதற்கு, "ரெண்டு நிமிஷம்க்கா" என்று விரலைக் காட்டினாயாம். நான் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் உன் பேச்சைக் கேட்டேன். கலை கடைசி மனிதனுக்கும் போய்ச்சேர வேண்டும் என்றாய். அந்தக் கடைசி மனுஷன் பதினெட்டுப் படிக்குக் கீழதான்டா உக்காந்திருக்கேன்னு நான் கத்தினது கைதட்டல்ல உனக்குக் கேட்டிருக்காது. ரெண்டு பசங்க தூக்கிட்டுப் போறோம்னு வந்தாங்க, விழுந்தா யார் பொறுப்புன்னு காவலாளி விடல. காலமெல்லாம் 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு ஊரையே உள்ள தள்ளினவன் நான், என்னை உள்ள விட ஒரு ஆள் இல்ல. அஞ்சு மணிக்குக் கூடத்தை மூடிட்டாங்க. மகள் முதல் பரிசுக் கோப்பையோட இறங்கி வந்தவ, என்னைப் பார்த்துட்டு "பரவால்லப்பா"ன்னா. எனக்கு வயிறு எரிஞ்சுது மாப்ளே, இப்பவும் எரியுது.

சரக்கு வாசலில் வந்த பொருள் வெளியே போக உன் கையெழுத்து வேண்டுமாம். சீட்டு மாடிக்குப் போய் அரை மணி கழித்து வந்தது. 'நல்ல நிலையில் திருப்பி அனுப்பப்பட்டது' என்பதன் கீழே நீ படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி உன் கூடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். இதன் நகல் துணைவேந்தருக்கும் போகிறது. பிள்ளைகளுக்கு என் ஆசி; உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். நீ நல்ல முழங்கால்களோடு நூறு வயது வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
நாற்காலி ஒன்று, ஆளுடன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள் மனம் இளகி போனில் படத்தைக் காட்டினாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு சக்கர நாற்காலி, அதில் ஒருவன் முதுகைக் காட்டியபடி அண்ணாந்து பார்க்கிறான். பின்மண்டை வழுக்கை என்னுடையது. அவளைப் படிப்பில் சேர்க்க வந்த அன்று, சேர்க்கை மாடியில் நடக்க, அதே படியடியில் மூன்று மணி நேரம் காத்திருந்தேனே, அது. நல்லாருக்குடி என்று சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதிய எதையும் நீ படிக்க வேண்டாம், நகலும் அனுப்பவில்லை. நான் இவ்வளவு புலம்பியதை அவள் முன்பே வரைந்து ஒரு மாதம் உன் சுவரில் மாட்டியிருந்தாள், நீயும் அதைப் பார்த்துத்தான் முதல் பரிசு கொடுத்திருக்கிறாய். லிஃப்ட் சாவி இன்னும் உன் சட்டைப்பையில்தான் இருக்கும், தடவிப் பார்.