தூத்துக்குடியில் கை நனைத்த விவரம்

வண்ணார்பேட்டை,
திருநெல்வேலி.
21-2-1996, புதன்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் முத்துசுப்பிரமணியன் அவர்களுக்கு, அத்தான் தாணுமாலையன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உம் அக்காள் கோமு, மகள் கலைச்செல்வி மூவரும் சுகம். சுகம் என்று எழுதியது மரியாதைக்காக. அதைக் கெடுத்தவரே நீர்தான் என்பதைக் கீழே விவரிக்கிறேன். பம்பாயில் உம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொல்கிறவர்களுக்கு என்ன குறைச்சல்?

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? சனி, ஞாயிறானால் பம்பாய்க்காரர்கள் கடற்கரை ஊர்களுக்குப் போய் மனசை லேசாக்கிக்கொண்டு வருகிறார்களாம், நானும் உம் அக்காளும் தூத்துக்குடிக்குப் போய் இரண்டு நாள் இருக்க வேண்டுமாம், அப்படியே நீர் கொண்டுவந்த வரனையும் தெருவில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டுமாம். கலைச்செல்விக்கு வந்த ஏழு வரன்களை நான் தட்டிக் கழித்தவன். ஒருவனுக்கு மீசை அதிகம், ஒருவனுக்குப் பேச்சு குறைவு, ஒருவன் சிரித்துக்கொண்டே இருந்தான். இந்த எட்டாவது ஆசாமி மந்திரமூர்த்தியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஐம்பதடி உயரத்தில் உட்கார்ந்து பழகியவன் தரையில் எப்படிக் குடித்தனம் பண்ணுவான்? போய்ப் பார்த்த மாதிரியும் இருக்கும், வேண்டாமென்று சொன்ன மாதிரியும் இருக்கும் என்றுதான் கிளம்பினேன்.

சனிக்கிழமை நின்றுகொண்டே பஸ் பயணம். கையில் பத்து லிட்டர் கேனில் ஆற்றுத் தண்ணீர், ஏனென்றால் கடற்கரை ஊர்த் தண்ணீரை நான் நம்புவதில்லை. லாட்ஜ்காரர் கேனைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இங்கயும் தாமிரவருணித் தண்ணிதான் குழாயில வருது. அத எதுக்குத் தூக்கிச் சொமக்கீங்க?" என்றார். அந்த ஊரில் எனக்கு நடந்த முதல் அவமானம் அது. ஞாயிறு பதினோரு மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். தூத்துக்குடிக் கடலில் அலையே கிடையாது என்று நீர் அடித்துச் சொல்லியிருந்தீர். எனக்கென்று ஒன்று வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று வேட்டியை மடித்துக் கட்டக் குனிந்தேன், அவ்வளவுதான், எழுந்தபோது ஒற்றைக்கால் செருப்பையும் காணோம், மூக்குக் கண்ணாடியையும் காணோம். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்பது எனக்குத் தெரியாது. உம் அக்காள் கரையில் நின்று, "சும்மா கெடந்த கடல்ல போயி விழுந்து கெடக்கீங்களே!" என்று ஊரைக் கூட்டினாள்.

கூடிய ஊரில் ஒரு நல்ல மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணாச்சி, இப்பிடி நடுங்குதீங்க? வீடு இந்தா பக்கத்துலதான் இருக்கு. வேட்டிய மாத்திட்டு ஒரு வாய் சாப்பிட்டுப் போலாம், வாங்க" என்றார். பெயர் சொல்லப் போனேன். சாப்பிட்டு முடிக்கும்வரை வந்தவரிடம் ஊர், பேர் கேட்பதில்லை என்பது அவர் வீட்டுப் பழக்கமாம். அவர்கள் வீட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தேங்காய்ப் பாலில் காய் போட்டு வைத்த சொதி, சொதி என்றால் அப்படி ஒரு சொதி. உம் அக்காள் எதிரே நின்று கண்ணைக் காட்டினாளாம், தலையை ஆட்டினாளாம், வாயில் விரலை வைத்தாளாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீலச் சேலை அசைந்ததுதான். பரிமாறிய பையன் பணிவாக, "இன்னுங் கொஞ்சம் விடட்டுமா, மாமா?" என்றான். "விடு தம்பி" என்றேன். மூன்று தடவை விட்டான். உம் அக்காள் பசிக்கவில்லை என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிகு பண்ணாம உக்காந்து சாப்பிடு கோமு. பொண்ணக் குடுத்தா இந்த மாதிரி வீட்டுலலா குடுக்கணும்!" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

வெற்றிலை போடும்போதுதான் பேரைச் சொன்னேன். அந்த நல்ல மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் இசக்கியப்பன். சொதி ஊத்தினவன் எம் மகன் மந்திரமூர்த்தி" என்றார். நீர் தந்த போட்டோவை நினைவில் வைத்திருந்த உம் அக்காளுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டதாம்.

உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தம் பேசி முடிக்கும் முன்னால் அந்த வீட்டில் நாம் கை நனைப்பதில்லை, நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நான் கையை முழங்கைவரை நனைத்திருக்கிறேன். திரும்பி வந்து கலைச்செல்வியிடம் விஷயத்தைச் சொன்னால், "நீங்க சாப்பிட்டதுக்கு நான் என்னப்பா செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமா சிரிப்பா என்று முகத்தைப் பார்க்கலாமென்றால் கண்ணாடி இல்லை. இதையே பழைய கண்ணாடிக்கு நூல் கட்டி மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உம்மிடம் மறைப்பானேன்? மீசை, கிரேன் எல்லாம் சாக்கு. அவள் போய்விட்டால் சாயங்காலம் நான் பேப்பர் படித்துக் காட்டும்போது குறுக்கே பேச இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? நானும் உம் அக்காளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகையால் நீர் இசக்கியப்பனுக்கு நயமாக ஒரு கடிதம் போடவும். அத்தான் சாப்பிட்டது பசிக்குத்தானே தவிர சம்மதத்துக்கு அல்ல, கண்ணாடி இல்லாமல் சாப்பிட்டது கணக்கில் சேராது என்று எழுதவும்.

உம் பிள்ளைகள் நோய் நொடியின்றி நன்றாகப் படித்து, யாருக்கும் யோசனை சொல்லாதவர்களாக வளர நெல்லையப்பர் அருள்புரிவாராக.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
தாணுமாலையன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்தார். இசக்கியப்பன் எழுதியிருக்கிறார். "தாங்கள் பசிக்குச் சாப்பிட்டதாகவே எடுத்துக்கொள்கிறோம். தங்களுக்குச் சங்கடம் வேண்டாம். பையனுக்கு வேறு இடம் பார்க்கிறோம்" என்று. என்ன திமிர் பார்த்தீரா? மூன்று தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டவன் நான்! முறை என்று ஒன்று இல்லையா? என் மகளுக்கு வந்த சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்ல இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு. அதை அந்த மனிதர் எப்படி எடுத்துக்கொள்ளலாம்? மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, கடிதம் கண்டதும் ரயிலேறி வாரும். தட்டுத் தாம்பூலத்தோடு போய் நாள் குறித்துவிட்டுத்தான் மறுவேலை. இன்னும் காரமாக எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் தபால் பெட்டியைத் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே கலைச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு, கடிதத்துக்குக் கையை நீட்டியபடி வாசலில் நிற்கிறாள்.