ஏலக்காய்க் கறையும் என் கிளவுஸும்

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் வரும். எனக்கு அது ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது.

அப்போது நான் ஆனைக்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். கை சுத்தம் என் பொறுப்பு. கட்டிலுக்குக் கட்டில் சானிடைசர் பாட்டில் மாட்டியதும், ‘உங்களைத் தொடும் முன் கை கழுவினாரா? கேளுங்கள்!’ என்று சுவரில் எழுதி ஒட்டியதும் நான்தான். (டாக்டர்களையே வாசலில் மறித்துக் கை கழுவ வைத்த திமிர் வேறு.) அந்தத் திங்களன்று சோதனைக்குக் கொச்சியிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவதாக இருந்தது. அவர் திருப்தியானால்தான் என் வேலை நிரந்தரம்.

முதல் நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்தால், மாமியாரின் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க ஆள் வரவில்லை. விட்டால் பழுத்துவிடுமே என்று நானும் இறங்கினேன். சாயங்காலம் பார்த்தால் பத்து விரலும் கறுத்துக் கிடந்தன. ஏலக்காய்க் கறை லேசில் போகாது. எலுமிச்சை, புளி, தேங்காயெண்ணெய் என்று அடுப்படியையே கையில் தேய்த்தேன். தோல் போனது, கறை போகவில்லை.

“உள்ளதச் சொல்லிரு மேரி” என்றார் என் கணவர் சேவியர். நான் கேட்கிற ஆளா? காலையில் வார்டுக்குள் நுழையும்போதே கிளவுஸை மாட்டிக்கொண்டேன்.

“எப்பவும் போல வேலை செய்யுங்க சிஸ்டரே, ஞான் பாத்துக்கறேன்” என்று டாக்டரம்மா ஓரமாக நின்றார்.

முதல் கட்டிலில் ஜுரக்காரருக்கு நாடி பார்த்தேன். இனி கிளவுஸைக் கழற்றிக் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றினால் குட்டு உடைந்துவிடுமே! கிளவுஸின் மேலேயே சானிடைசரைப் பீய்ச்சித் தேய்த்துக்கொண்டு (இந்த வித்தையை எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை) அடுத்த கட்டிலுக்குப் போனேன். அங்கே காலில் புண்ணோடு அன்னம்மாள் அக்கா. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர்.

“சிஸ்டர், அவரத் தொட்ட கிளவுஸாலயே எம் புண்ணத் தொடப் போறீகளே?”

“சும்மா இருங்கக்கா.”

“கேளுங்கன்னு நீங்கதான எழுதி ஒட்டியிருக்கீக?”

டாக்டரம்மா பக்கத்தில் வந்தார். “கிளவுஸக் கழட்டுங்க சிஸ்டரே.”

கழற்றினேன். வார்டே என் விரல்களைப் பார்த்தது. வேலை போயிற்று என்று கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அன்னம்மாள் அக்காதான் சிரித்தார்.

“ஏ தாயி, இது நம்ம ஏலக்காக் கறைல்லா! இதுக்கா ஒளிச்சீக?” என்று தன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

டாக்டரம்மா ஏதோ ஒளிரும் களிம்பை என் கையில் பூசிக் கழுவச் சொன்னார். பிறகு நீல விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியாகக் கழுவாத இடத்தில் களிம்பு மின்னுமாம். ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை.

“கறை இருந்துட்டுப் போகட்டும், கை சுத்தம்தான். எலுமிச்சை தேச்சுத் தோலைப் புண்ணாக்கினது தப்பு. கிளவுஸ்ல ஒளிஞ்சது அதைவிடத் தப்பு” என்றார். அப்புறம் அக்காவைப் பார்த்து, “ஆனா இப்படித் தைரியமாக் கேக்கற ஆளு இருக்கற வார்டு ஞான் அதிகம் பாத்ததில்ல” என்றார்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. புதுக் கிளவுஸ் போட்டுப் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது அக்காவின் காலில் விழலாம் போலிருந்தது. (கால் ஏற்கெனவே என் கையில்தான் இருந்தது.) அடுத்த மாதம் வேலையும் நிரந்தரமானது.

சந்தோஷத்தில் இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. அன்று முதல் எங்கள் வீட்டில் பொய்க்குப் பெயர் கிளவுஸ். மகன் மார்க் ஷீட்டை மறைத்தாலும் சரி, சேவியர் பீடியை மறைத்தாலும் சரி, “கிளவுஸக் கழட்டு” என்றால் போதும். போன வாரம் பக்கத்து வீட்டில் கொடுத்த மீன்குழம்பை நான் வைத்தது என்று சொல்லிப் பரிமாறினேன். மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லாருக்கு. கிளவுஸக் கழட்டும்மா.”