தேய்ந்த எழுத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இல்லாத வழக்கத்தை இந்த வீட்டில் யாரையும் புதிதாக ஆரம்பிக்க விடுவதில்லை என்று வசந்த் முடிவெடுத்தபோது மல்லாக்கப் படுத்திருந்தான். பெரிய முடிவுகளை அவன் அப்படித்தான் எடுப்பான்.

விவகாரம் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். அவன் மனைவி எழிலரசி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். ஆறு நாள் கம்பெனி பஸ், ஏழாம் நாள் அடுப்பு என்றால் எனக்கு எப்போது லீவு என்பது அவள் கேள்வி.

"ஞாயித்துக்கெழமை மட்டும் நீங்க சமைங்க."

"சமைக்கிறதுல ஒண்ணுமில்ல எழிலு. இது எங்கப்பா கட்டின வீடு. ஆம்பளைங்க சமைக்கிற வழக்கம் இங்க இல்ல."

"இருந்திருந்தா செய்வீங்களா?"

"இருந்திருந்தா தாராளமா."

இல்லாத ஒன்றுக்குத் தாராளம் காட்டுவதில் வசந்துக்குக் குறையே கிடையாது.

அவன் தொழில், வீட்டிலிருந்தபடியே தோல் சாமான்களில் தொங்கும் அட்டைகளை டிசைன் செய்வது. அன்று ஒரு பெல்ட் கம்பெனியின் அட்டையைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தால் அட்டை முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். ஷூவில் டேமேஜ் எங்கே என்று காட்டச் செக்கர்கள் ஒட்டும் அதே அம்பு.

"இன்னாது இது?"

"ரிஜெக்ட். ஒரு எழுத்து கூட முழுசா இல்ல."

"ஐயோ, அது டேமேஜ் இல்ல, ஸ்டைல். பழைய அச்சுப் புத்தகத்து இங்கிலீஷ் எழுத்து இது. பாரு, ஒவ்வொண்ணுக்கும் முனையில சின்னதா பாதம் வச்சிருக்கு. அதை அங்கங்க சொரண்டி, மை விட்டுப்போன மாதிரி பண்ணிட்டா நூறு வருசத்துப் பழசாயிடும். பெல்ட்டுல போடலாம், ஊறுகா பாட்டில்ல போடலாம், கல்யாணப் பத்திரிகையில கூடப் போடறாங்க."

"இந்தக் கம்பெனி நூறு வருசமா இருக்குதா?"

"போன ஆடி மாசம் தொறந்தாங்க."

"எப்ப தொறந்தீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?"

"எழுத்து தேஞ்சிருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான். அதான் அதோட பவரு."

எழிலரசி அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தாள். "தமிழ்ல இதெல்லாம் வராது இல்ல?" என்றாள்.

வசந்தின் தன்மானம் பொங்கிவிட்டது. சாப்பாடு தூக்கம் மறந்து, தமிழ் எழுத்துகளை ஒன்று விடாமல் கம்ப்யூட்டரில் சுரண்டித் தேய்த்தான். அதிலும் 'ஞ' மீது அவனுக்குத் தனிப் பாசம். அதன் வாலை எலி கடித்தது போல அரித்து வைத்திருந்தான். "கீபோர்டுல தட்டினா போதும், தானா பழசா வரும்" என்று அவளுக்கும் கற்றுக்கொடுத்தான். அவளும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை. அவனுக்குப் பரம சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். சுவரில் ஒரு மரப்பலகை. ஓரம் தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் ஏறி, துருப்பிடித்த ஆணியில் தொங்கியது. 'இவ்வீட்டில் ஞாயிறு சமையல் ஆண்களுடையது.'

"இது எப்ப வந்துச்சு?"

"எது, அதுவா? அங்கதானே இருக்குது."

"நேத்து இல்லையே."

"பாத்ரூம் குழாய் மூணு மாசமா சொட்டுது. அது உங்க கண்ணுல பட்டுச்சா? இது மட்டும் பட்டுடுமா?"

நியாயமான கேள்வி. வசந்த் கிட்டே போய்ப் பார்த்தான். 'ஞ'வின் வாலை எலி கடித்திருந்தது.

"எழிலு, இது என் எழுத்து."

"அப்ப நீங்கதான் எழுதியிருக்கணும். மறந்துட்டீங்களா?"

  

ஞாயிறு காலையில் அவன் தோஸ்த் ரிஹான் பைக்கில் வந்தான். ஞாயிறு என்றால் இருவரும் மதியம் வரை ஊர் சுற்றுவார்கள். உள்ளே வந்த ரிஹான் பலகையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"ரொம்பப் பழசா இருக்குதே. பெரியவங்க வச்சதா?"

"இல்லடா, அது வந்து..."

"பெரியவங்க வச்சதை மீறாதடா" என்று சொல்லிவிட்டு அவன் தனியாகவே கிளம்பிப் போய்விட்டான்.

மிச்சம் இருந்தது ஒரே சாட்சி, வசந்தின் அம்மா. விரிஞ்சிபுரத்தில் மகள் வீட்டில் இருந்தவளைப் போன் போட்டு அவசரமாக வரவழைத்தான். இந்த வீட்டின் ஒவ்வொரு ஆணியும் அவளுக்குத் தெரியும்.

"நல்லா பாத்து சொல்லும்மா. அப்பா காலத்துல இது இருந்துச்சா?"

அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பலகையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். காலமெல்லாம் தான் வெந்து நின்ற அடுப்பையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இருந்துச்சேடா" என்றாள். "உங்கப்பாதான் கடைசி வரைக்கும் மதிக்கல. நீயாவது மதி."

அம்மா பொய் சொல்ல மாட்டாள். அந்த எழுத்தைப் போன வாரம்தான் செய்தான் என்று காட்டும் கம்ப்யூட்டரும் பொய் சொல்லாது. எது நிஜம் என்று புரியாமல் வசந்த் வெங்காயத்தை நறுக்கினான். ஹாலில் மாமியாரும் மருமகளும் கால் நீட்டி டிவி பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் எழிலரசி போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் தலையை நீட்டினாள்.

"ஏங்க, ரிஹான் அண்ணன் நம்ம போர்டைப் பத்தி வீட்டுல சொன்னாராம். அவர் சம்சாரம் வஹீதா பேசினாங்க. அவங்களுக்கும் ஒண்ணு வேணுமாம். இதைவிடக் கொஞ்சம் பழசா."